வீட்டில் ஜெர்மன், பள்ளியில் டேனிஷ்: என் பக்கத்து வீட்டுக்காரர் யார்?

தேன்மொழி_கோவை:

நாங்கள் ஃபிளென்ஸ்பர்க் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஜெர்மனியின் வடமுனை. காரில் கொஞ்ச தூரம் போனாலே டென்மார்க் வந்துவிடும்.

பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம். வீட்டில் பேசுவது ஜெர்மன், பாஸ்போர்ட் ஜெர்மன். ஆனால் பிள்ளைகள் இரண்டு பேரும் போவது டேனிஷ் பள்ளிக்கு. போன வாரம் சின்னவனின் பிறந்தநாளுக்கு என் மகளை அழைத்திருந்தார்கள். கேக் முழுக்கக் காகிதத்தில் செய்த குட்டி டேனிஷ் கொடிகள் குத்தியிருந்தன. பாடிய பாட்டும் டேனிஷ்தான். பாட்டு முடிந்ததும் பெரிய துண்டு யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் போட்ட சண்டை மட்டும் சுத்தமான ஜெர்மனில்!

அந்த அம்மாவிடம் நான் நேராகவே கேட்டுவிட்டேன், "நீங்கள் ஜெர்மானியரா, டேனியரா?" என்று. அவர் கோபப்படவில்லை. "இங்கே அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபி ஊற்றினார். கேட்கக்கூடாத எதையோ கேட்டுவிட்டோமோ என்று இன்னும் உறுத்துகிறது. இந்தப் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

வடகடல்:

வணக்கம் தேன்மொழி. நான் இந்த வட்டாரத்தில் 14 வருடமாக இருக்கிறேன். நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அவர் சொன்ன பதிலுக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் இருக்கும் இந்த வட்டாரத்துக்கு ஷ்லெஸ்விக் என்று பெயர். அந்தக் காலத்தில் அது ஒரு டச்சி, அதாவது ஒரு பிரபுவின் ஆட்சிப் பகுதி. டேனிஷ் அரசரே அதன் பிரபு. அதற்குத் தெற்கே ஹோல்ஸ்டைன். அதற்கும் அவரே பிரபு, ஆனால் அது ஜெர்மானியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. வடக்கே போகப் போக டேனிஷ், தெற்கே வர வர ஜெர்மன், மேற்குக் கடலோரத்தில் ஃப்ரீசிய மொழி. எந்த ஊரோடு ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு கிழிக்கவே முடியாது. தேசியம் என்ற எண்ணம் பரவியதும் இரண்டு பக்கமும் கோடு கிழிக்கப் பார்த்தார்கள். 1848 முதல் 1851 வரை ஒரு போர். 1864இல் இன்னொரு போர். இரண்டாவதில் அன்றைய பெரிய ஜெர்மன் அரசான பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கைத் தோற்கடித்தன. ஷ்லெஸ்விக் கைமாறியது.

அப்போது வட ஷ்லெஸ்விக்கில் டேனிஷ் பேசிய மக்கள் அப்படியே பிரஷ்யாவுக்குள் மாட்டிக்கொண்டார்கள். 1888இல் அங்கே பள்ளிகளில் மதபாடத்தைத் தவிர எல்லாமே ஜெர்மனில்தான் என்று உத்தரவு வந்தது. முதல் உலகப் போரில் இந்த டேனிஷ் மனம் கொண்டவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் ஜெர்மன் சீருடை போட்டுப் போருக்குப் போனார்கள். 5,000க்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. தங்கள் நாடு என்று நினைக்காத நாட்டுக்காகச் செத்தவர்கள் அவர்கள்.

போர் முடிந்து 1920இல் மக்களிடமே கேட்டார்கள். பிப்ரவரி 10 அன்று வடக்கு மண்டலத்தில் வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பங்கு டென்மார்க்குக்கு. மார்ச் 14 அன்று தெற்கு மண்டலத்தில். அங்கே 80 சதவீதம் ஜெர்மனிக்கு. உங்கள் ஃபிளென்ஸ்பர்க் இந்த இரண்டாவது மண்டலம். இன்றைய எல்லை அப்படி வந்ததுதான். ஆனால் வடக்கு மண்டலத்தை மொத்தமாக எண்ணியதால், ஜெர்மனிக்கு அதிகம் வாக்களித்த டோன்டர் போன்ற ஊர்கள் டென்மார்க்குப் போயின. தெற்கே ஐந்தில் ஒருவர் டென்மார்க்குக்கு வாக்களித்திருந்தார், அவர்கள் ஜெர்மனிக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். இரண்டு பக்கமும் சிறுபான்மை உருவானது அந்த நாளில்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1955 மார்ச் 29இல் பான் அரசும் (அன்றைய மேற்கு ஜெர்மனி) கோபன்ஹேகன் அரசும் ஆளுக்கொரு அறிக்கை வெளியிட்டன. அதன் சாரம் இதுதான்: ஒருவர் தன்னை டேனிஷ் பண்பாட்டைச் சேர்ந்தவர் என்று சொன்னால் அது அவர் விருப்பம், எந்த அரசு அலுவலகமும் அதை மறுக்கவோ சோதித்துப் பார்க்கவோ கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மன் சிறுபான்மைக்கும் அதே உரிமை. மொழித் தேர்வு, தாத்தா பெயர், ரத்தம் எதுவும் பார்ப்பதில்லை. "யார் விரும்புகிறாரோ அவர் சிறுபான்மையினர்" என்று இங்கே ஒரு சொலவடையே உண்டு. உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொன்னதும் அதுதான்.

டேனிஷ் சிறுபான்மை ஏறத்தாழ 50,000 பேர், வடக்கே ஜெர்மன் சிறுபான்மை 15,000 பேர் என்பார்கள். இந்த "ஏறத்தாழ" கடைசி வரைக்கும் ஏறத்தாழவாகவே இருக்கும். யாரும் தலை எண்ணுவதில்லை, எண்ணவும் கூடாது.

ஏடு_தேடி:

வடகடல் நன்றாகச் சொன்னார். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஜெர்மனும் டேனிஷும் 1848க்கு முன்னால் எப்போதும் எதிரெதிரே நின்றவை அல்ல. கோபன்ஹேகன் அரசவையில் ஜெர்மன் சரளமாகப் புழங்கியது. டேனிஷ் படையில் கட்டளை மொழியே 1773 வரை ஜெர்மன்தான்! அரசரின் ஜெர்மன் மருத்துவர் ஸ்ட்ரூயென்ஸே ஏறத்தாழ ஒன்றரை வருடம் நாட்டையே ஆண்டார் என்று சொல்லலாம். 1772இல் அவர் தலையை வெட்டினார்கள். 1776இல், அரசுப் பதவி இனி நாட்டின் குடிகளுக்கு மட்டுமே என்று சட்டம் போட்டார்கள். கசப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

நமக்குத் தெரிந்த உதாரணமும் ஒன்று இருக்கிறது. தரங்கம்பாடியில் 1620இல் வந்து கோட்டை கட்டியவர்கள் டேனியர். 1706இல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு யார்? ஜெர்மானியர். சாக்சனியின் புல்ஸ்நிட்ஸ் ஊர்க்காரர், ஹாலேயில் படித்தவர். அனுப்பியவர் டேனிஷ் அரசர் நான்காம் ஃபிரெடரிக். கோட்டையில் இருந்த டேனிஷ் ஆளுநரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை, 1708இல் சிறையில்கூடப் போட்டார்கள். 1715இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு இந்த டேனிஷ்–ஜெர்மன் கூட்டில் பிறந்ததுதான். அதைத் தனியாக ஜெர்மன் பணி என்றோ தனியாக டேனிஷ் பணி என்றோ சொல்ல முடியாது.

மொழியிலும் அப்படித்தான். வடஜெர்மன் வணிக நகரங்களின் கூட்டணியான ஹான்சா வணிகர் காலத்தில், கீழ் ஜெர்மன் என்ற வடஜெர்மன் வட்டார மொழியிலிருந்து டேனிஷுக்குள் போன சொற்கள் ஏராளம். "பேசு" என்பதற்கு டேனிஷில் 'ஸ்னாக்கெ', வடஜெர்மனியில் 'ஸ்னாக்கன்'. தேன்மொழி, உங்கள் ஊர்க் கடையில் காலையில் சொல்கிற 'மொய்ன்' என்ற வணக்கம் இருக்கிறதே, எல்லைக்கு வடக்கேயும் அதேதான். அங்கே விடைபெறும்போதும் சொல்வார்கள்.

மாதகல்காரன்:

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், டென்மார்க்கில் சோன்டர்போர்க்கில் இருக்கிறன். இங்கை வந்து முப்பது வருசத்துக்கு மேலை. 1864இல சண்டை நடந்த டுப்போல் மேடு என்ரை வீட்டில இருந்து சைக்கிளில போற தூரம். ஏப்ரல் 18 ஒவ்வொரு வருசமும் அங்கை நினைவு நாள். இப்ப ஜெர்மன் இராணுவத்தாரும் வந்து டேனிஷ் இராணுவத்தாரோடை சேர்ந்து நிக்கினம். முதன்முதலாப் பாக்கேக்கை எனக்கு நம்பவே ஏலாமல் இருந்தது.

தங்கச்சி தேன்மொழி, உங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கதை சொல்லுறன். எங்கடை பகுதியில 'சோன்டர்யூஸ்க் காஃபபோர்ட்' எண்டு ஒண்டு இருக்கு. காபி மேசை எண்டு சொல்லலாம். மிருதுவான கேக் ஏழு வகை, மொறுமொறுப்பான பிஸ்கட் ஏழு வகை, இதுதான் கணக்கு. என்னோடை வேலை செய்யிற ஒரு வயதான மனுசி தன்ரை எழுபதாவது பிறந்தநாளுக்கு வைச்சவ. கம்பு ரொட்டியைப் பொடியாக்கி, நடுவிலை கிரீமும் கறுப்புத் திராட்சை ஜாமும் வைச்சு அடுக்கின கேக் அதிலை கட்டாயம் இருக்கோணுமாம். நான் நாலாவது துண்டோடை கை எடுத்திட்டன். அவ விடேல்லை, "இன்னும் மொறுமொறு வரிசை தொடங்கவே இல்லை" எண்டா.

இது எங்கை இருந்து வந்தது தெரியுமோ? பிரஷ்யா ஆண்ட காலத்திலை டேனிஷ் சனம் கூடிக் கதைக்க, பாட்டுப் படிக்கத் தங்கடை சொந்தச் செலவில ஊர் மண்டபங்கள் கட்டினவை. அந்த மண்டபங்களுக்கு மது விற்க அனுமதி குடுக்கேல்லை. சரி, காபியாவது குடிப்பம் எண்டு ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு கேக் கொண்டு வந்தா. வர வர ஒருத்தரை ஒருத்தர் விஞ்சிற போட்டி. கிரீம் அடுக்கிற கேக் வகையள் கனக்க ஜெர்மன் பக்கத்து வழக்கம்தான். ஜெர்மன் ஆட்சிக்கு எதிரா நிண்ட மேசையிலை ஜெர்மன் டோர்ட்டெ! இண்டைக்கு இரண்டு பக்கத்தாரும் அதைத் தங்கடை சாப்பாடு எண்டுதான் சொல்லுகினம்.

ரைன்கரை:

படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இதைப் பொதுவான "ஜெர்மனியும் அண்டை நாடுகளும்" கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கேல் என்ற ஜெர்மன் எல்லை ஊரில் இருக்கிறேன். ரைனுக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பர்க். 2017 முதல் டிராம் ஓடுகிறது, ஏறினால் சில நிமிடத்தில் பிரான்ஸ். அங்கே இப்படி யாருக்கும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. அல்சாஸ் 1871இல் ஜெர்மனிக்கு, 1918இல் பிரான்சுக்கு, 1940இல் மறுபடி ஜெர்மனிக்கு, போர் முடிவில் மறுபடி பிரான்சுக்கு. ஒரே மனிதர் வீடு மாறாமல் நான்கு முறை நாடு மாறியிருக்கிறார்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் குடியரசுச் சதுக்கத்தில் ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1936இல் வைத்தது. ஒரு தாய், மடியில் சாகிற இரண்டு மகன்கள். இரண்டு பேர் உடம்பிலும் சீருடை இல்லை. ஒருவன் பிரெஞ்சுப் படையில் செத்தான், ஒருவன் ஜெர்மன் படையில் செத்தான் என்பதைச் சொல்லும் வழி அது. கீழே "எங்கள் இறந்தவர்களுக்கு" என்று மட்டும் இருக்கும். பிரான்சின் மற்ற ஊர்களில் வழக்கமாக வரும் "பிரான்சுக்காக" என்ற சொல் அங்கே இல்லை. முதல் தடவை அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இதற்குப் பிறகுதான் 1942 முதல் அல்சாஸ், மொசெல் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 1,30,000 பேரை ஹிட்லரின் படையில் வலுக்கட்டாயமாகச் சேர்த்தார்கள். பெரும்பாலானவர்களைக் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் அங்கே ஜெர்மன் வாடை அடித்த எதுவுமே அவமானமாகிவிட்டது. பள்ளியில் அல்சேசிய மொழி பேசினால் தண்டனை. எங்கள் வயதான அண்டை வீட்டுக்காரி ஒருவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்தவர். தன் பேரனிடம் அல்சேசியன் பேசினால் அவன் பிரெஞ்சில் பதில் சொல்கிறான். அவர் தன் அம்மாவிடம் பேசிய மொழி அந்த வீட்டில் அவரோடு முடிந்துவிடும். வடகடல், உங்கள் பக்கத்தில் மொழிக்குப் பள்ளி கிடைத்தது. இங்கே 1963இல் எலிசே ஒப்பந்தம் (பிரான்ஸ்–ஜெர்மனி நட்பு ஒப்பந்தம்) வந்தது, இளைஞர் பரிமாற்றம் வந்தது, ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து ஆர்ட்டே தொலைக்காட்சி இரண்டு மொழியிலும் ஒளிபரப்புகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் நாடுகள் கைகுலுக்கிக்கொண்டபோது நடுவில் இருந்த மொழிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

வடகடல்:

ரைன்கரை, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இங்கே எல்லாம் சுலபமாக நடந்தது போல நான் எழுதிவிட்டேன், அதைத் திருத்த வேண்டும்.

எல்லைக்கு வடக்கே ஃப்ரோஸ்லெவ் என்ற இடத்தில் ஒரு முகாம் இருக்கிறது. 1944இல் ஜெர்மானியர் அங்கே டேனிஷ் எதிர்ப்பாளர்களை அடைத்து வைத்தார்கள். பலரை அங்கிருந்து ஜெர்மனியின் வதைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். 1945 மே மாதம் டென்மார்க் விடுதலை ஆனது. அதே மரக் குடில்கள், அதே கம்பிவேலி. ஆனால் அதன் பிறகு உள்ளே அடைபட்டவர்கள் ஜெர்மன் சிறுபான்மையினர், ஆயிரக்கணக்கில். பெயரை மட்டும் ஃபோர்ஹுஸ் என்று மாற்றினார்கள். நாஜிகளோடு ஒத்துழைத்தவர்கள் அதில் நிறையப் பேர் என்பது உண்மை. அந்தச் சமூகம் தன் பங்கை நேர்மையாகப் பேசத் தொடங்கவே பல பத்தாண்டுகள் ஆயின.

அப்புறம் அகதிகள். போரின் கடைசி மாதங்களில் கிழக்கு பிரஷ்யா பக்கமிருந்து கப்பலில் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த ஜெர்மானியர் ஏறத்தாழ 2,50,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கம்பிவேலிக்குள் வைத்தார்கள். 1945இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,000 குழந்தைகள் வரை இறந்தார்கள். ஐந்து வருடம் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நாட்டுக்கு ஜெர்மன் குழந்தை மேல் இரக்கம் வர நேரம் இருக்கவில்லை. நான் யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. 1955க்குப் பத்து வருடம் முன்னால் நிலைமை இதுதான் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த 1955 அறிக்கைகளும் திடீர் அன்பில் வந்தவை அல்ல. மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேரும் நேரம். டென்மார்க் ஏற்கெனவே உறுப்பினர். சிறுபான்மைப் பிரச்சினையைத் தீர்க்காமல் இருவரும் ஒரே கூட்டணியில் உட்காருவது இரண்டு அரசுக்கும் சங்கடம். டேனிஷ் சிறுபான்மையினரின் கட்சி 1954 மாநிலத் தேர்தலில் ஐந்து சதவீதத் தடையால் (அவ்வளவு வாக்கு வாங்காத கட்சிக்கு இடம் இல்லை என்ற விதி) ஓர் இடம்கூடப் பெறவில்லை. அறிக்கை வந்ததோடு அந்தத் தடையிலிருந்து அதற்கு விலக்கு. நாடாளுமன்றத் தேர்தலிலும் சிறுபான்மைக் கட்சிகளுக்கு இதே போன்ற ஒரு விலக்கு உண்டு. அதனால்தான் 2021இல் அந்தக் கட்சியின் ஸ்டெஃபான் ஸைட்லர் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குப் போனார்.

இன்னொரு விஷயம். அது ஒப்பந்தம்கூட இல்லை. சிறுபான்மை விஷயத்தில் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட டென்மார்க் தயாராக இல்லை. அதனால் இரண்டு நாடும் தனித்தனியாக, தன் குடிமக்களுக்குத் தானே வாக்குக் கொடுத்தன. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. அண்டை வீட்டானை மிரட்டி வாங்கிய உரிமையாக இல்லாமல், தன் வீட்டில் தான் கொடுத்த உரிமையாக இருந்ததால் அது நிலைத்தது என்று நம்புகிறேன்.

செங்காந்தள்:

எனக்கு ஒரு சந்தேகம். டேனிஷ் சிறுபான்மைக்குப் பின்னால் ஒரு நாடு இருக்கிறது. பள்ளிக்குக் கோபன்ஹேகன் பணம் தருகிறது. பின்னால் நாடே இல்லாதவர்களுக்கு?

நான் ஜெர்மனியின் கிழக்கே பௌட்ஸனில் மூன்று வருடம் இருந்தேன். சோர்பியர் ஊர். சுமார் 60,000 பேர் கொண்ட ஸ்லாவிய மக்கள், ஜெர்மனிக்கு வெளியே அவர்களுக்கென்று எந்த நாடும் இல்லை. தெருப்பலகை இரண்டு மொழியில் இருக்கும். ஈஸ்டர் ஞாயிறு அன்று கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட ஆண்கள் குதிரையில் பாடிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போவதைப் பார்த்தேன். குதிரைப் பிடரியைப் பின்னி, வாலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். அழகு. சாக்சனி மாநில முதல்வராக 2008 முதல் 2017 வரை இருந்த ஸ்டனிஸ்லாவ் டிலிக் ஒரு சோர்பியர்தான். ஆனால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக அவர்கள் கிராமங்கள் பல அழிந்தன. கிராமம் போனால் பேசும் இடம் போகிறது. எவரும் அவர்களிடம் "நீ சோர்பியனா" என்று சோதிக்கவில்லை, உண்மைதான். ஆனால் பேசுவதற்கு ஊர் வேண்டுமே.

வடகடல்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, செங்காந்தள். நீங்கள் சொல்வது சரி. இங்கே ஃப்ரீசியர் நிலையும் அதேதான். டேனிஷ் கட்சிதான் அவர்களுக்காகவும் பேசுகிறது, அந்த அளவுக்குக் கொஞ்சம் துணை. ஆனால் ஃப்ரீசிய மொழி பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

தேன்மொழி_கோவை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டுப் பழைய கல்லறைக்குப் போனேன். அங்கே ஒரு வெண்கலச் சிங்கம் இருக்கிறது. பலகையைப் படித்ததும் புரிந்தது. 1850இல் இட்ஸ்டெட் போரில் ஜெயித்ததற்காக டேனியர் 1862இல் வைத்த வெற்றிச் சின்னமாம். டேனியர் 1864இல் தோற்ற பிறகு பிரஷ்யர் அதைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். 1945இல் அது கோபன்ஹேகன் போனது. 2011இல் ஃபிளென்ஸ்பர்க் நகரமே கேட்டு வாங்கி மறுபடி இங்கே வைத்திருக்கிறது. தங்களைத் தோற்கடித்ததற்கான சிலையை ஒரு ஜெர்மன் நகரம் கேட்டு வாங்கியிருக்கிறது! டேனியருக்கும் ஜெர்மானியருக்கும் இடையிலான நட்பின் அடையாளமாக வைத்தோம் என்று எழுதியிருக்கிறது. சிங்கத்தின் பின்னங்கால் பக்கம் ஒரு சின்னப் பையன் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் பாட்டி டேனிஷில் அதட்டினார், அவன் ஜெர்மனில் கெஞ்சினான்.

திரும்பி வந்து பக்கத்து வீட்டு அம்மாவிடம் சிங்கத்தைப் பார்த்தேன் என்றேன். அவர் உட்காரச் சொல்லித் தன் கதையைச் சொன்னார். தாத்தா கிழக்கு பிரஷ்யாவிலிருந்து 1945இல் சிறுவனாக வந்த அகதி. பாட்டி ஃபிளென்ஸ்பர்க்காரி. 1946இல் பாட்டியின் அப்பா டேனிஷ் சங்கத்தில் சேர்ந்தார். அப்போது நிறைய ஜெர்மானியர் அப்படிச் சேர்ந்தார்களாம், டென்மார்க்கிலிருந்து வரும் உணவுப் பொட்டலத்துக்காக என்று ஊரில் அவர்களை 'பேக்கன் (பன்றி இறைச்சி) டேனியர்' என்று ஏசினார்களாம். பாட்டிக்கு அந்தச் சொல் சாகும் வரை வலித்திருக்கிறது. "பசிக்காகப் போனார்களா, மனசுக்காகப் போனார்களா, எனக்குத் தெரியாது. நான் பாலர் பள்ளியில் பாடிய பாட்டெல்லாம் டேனிஷ். இப்போது என் பிள்ளைகளும் அதையே பாடுகிறார்கள்" என்றார். அன்றைக்கு ஏன் பதில் சொல்லாமல் காபி ஊற்றினார் என்று இப்போது தெரிகிறது.

ஒரு கேள்வி மட்டும். என் மகள் அந்தப் பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறாள். எங்களைச் சேர்ப்பார்களா?

வடகடல்:

போய்ப் பேசுங்கள். உங்கள் பூர்வீகம் எது என்று பார்க்க மாட்டார்கள். பெற்றோரும் டேனிஷ் கற்க வேண்டும், பள்ளி நிகழ்ச்சிகளுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். வெறும் பள்ளி மட்டும் அல்ல அது, ஒரு சமூகத்துக்குள் போவது. அதற்கு மனம் இருக்கிறதா என்று முதலில் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

மாதகல்காரன்:

ஜூன் மாதம் ஃபிளென்ஸ்பர்க்கிலை டேனிஷ் ஆக்களின்ரை வருசாந்தக் கூட்டம் நடக்கும். கொடியோடை ஊர்வலம் போவினம், பள்ளிக்கூட வாத்தியக் குழு முன்னாலை. நானும் மனுசியும் இங்கை இருந்து வருவம். 2016 தொடக்கம் டென்மார்க் எல்லையிலை அடையாள அட்டை பாக்கினம், அதாலை திரும்பேக்கை வரிசையிலை நிக்க வேண்டி வரலாம். பாஸ்போட்டை மறக்காதேங்கோ. தங்கச்சி, மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஊர்வலம் முடியேக்கை சந்திப்பம். கம்பு ரொட்டிக் கேக் நான் கொண்டு வாறன்.